தோரோஸ் ரோஸ்லின் வரைஞ்ச பிரதிகள் 7ஆ, 9ஆ, பத்துக்கும் மேலயா?

நீங்க கேட்டிருக்கறது இது: 13ஆம் நூற்றாண்டு ஆர்மீனிய நுண்ணோவியர், அதாவது கையெழுத்துப் புத்தகங்களுக்குள்ள சின்னப் படங்கள் வரைஞ்சவர், தோரோஸ் ரோஸ்லின் பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை எழுதுறீங்க, ஒரு புத்தகத்துல அவரோட பிரதிகள் 7னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 9, வேற எங்கயோ பத்துக்கு மேலன்னு வருது, எதை எடுத்துக்கறதுன்னு கேக்குறீங்க. கேள்விய திரும்பப் படிச்சப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, எண்ணிக்கைக்குப் பின்னாடி வேற ஒரு கேள்வி இருக்கு. எழுநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒருத்தர் வரைஞ்சதுதான் இதுன்னு எதை வச்சு சொல்றாங்க, அப்படி சொல்றதுல எது கல்லுல எழுதினது, எது ஒரு அறிஞரோட கணிப்பு? அதுக்கு பதில் தெரிஞ்சா எண்ணிக்கை தானா விளங்கிடும், அதனால அங்கேந்து ஆரம்பிக்கிறேன். நான் பல வருஷமா லைப்ரரில பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு கேட்டலாக் போடுற வேலைல இருக்கேன், கைல அதிகம் வந்தது கிழக்குக் கிறிஸ்தவ சபைகளோட பிரதிகள்தான். ஆர்மீனிய மொழி எனக்கு நிறைவுக் குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும், ஜெருசலேம்ல இருக்கற ரோஸ்லின் பிரதிகளை போட்டோல மட்டும்தான் பாத்திருக்கேன், அதனால அந்தப் பிரதிகள் விஷயத்துல நேர்ல பாத்து எழுதினவங்க சொன்னதை நம்பித்தான் சொல்றேன்.

முதல்ல சந்தேகமே இல்லாத பகுதி. ரோஸ்லின் வேலை செஞ்சது ஹ்ரோம்க்லாவுல, யூஃப்ரடீஸ் நதிக்கரைல ஒரு கோட்டை, இன்னைக்கு அது துருக்கில இருக்கு. அப்ப ஆர்மீனியத் திருச்சபையோட தலைவர், அதாவது கத்தோலிக்கோஸ், அங்கதான் இருந்தார், 1292ல எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானோட படை வந்து பிடிக்கிற வரைக்கும். பக்கத்துல சிலிசியாவுல ஆர்மீனிய ராஜ்ஜியம், தலைநகர் சிஸ். கத்தோலிக்கோஸ் முதலாம் கான்ஸ்டன்டின்தான் ரோஸ்லினுக்குப் பெரிய ஆதரவாளர். ரோஸ்லின் தன் பேரை எழுதி வச்சிட்டுப் போன பிரதிகள் 7 இருக்கு, எல்லாமே 1256லேந்து 1268க்குள்ள. வரிசையா சொன்னா, 1256ல ஸெய்தூன் நற்செய்தி, அது இப்ப ஆர்மீனியாவோட தலைநகர் யெரெவான்ல மாதெனதரான் லைப்ரரில 10450ஆம் எண். 1260ல ஒரு நற்செய்தி, ஜெருசலேம் புனித யாக்கோபு மடத்துல 251. 1262ல ரெண்டு நற்செய்தி, ஒண்ணு ஜெருசலேம் 2660, இன்னொண்ணு அமெரிக்காவுல பால்டிமோர் வால்டர்ஸ் மியூசியத்துல 539. அப்புறம் 1265ல ஒரு நற்செய்தி, ஜெருசலேம் 1956. 1266ல மஷ்டோட்ஸ்னு சொல்ற சடங்கு முறைப் புத்தகம், ஜெருசலேம் 2027. கடைசியா 1268ல மலாத்யா நற்செய்தி, மாதெனதரான் 10675. ஆறு நற்செய்தி, ஒரு சடங்குப் புத்தகம், அவ்வளவுதான். 1268க்கு அப்புறம் அவர் பேர் போட்ட வேலை ஒண்ணுகூட நமக்குக் கிடைக்கல.

இந்த ஏழையும் ஏன் இவ்வளவு தைரியமா சொல்றோம்னா ஆர்மீனியர்கள்கிட்ட ஹிஷதகரன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, பிரதி எழுதி முடிச்சதும் கடைசில நிறைவுக் குறிப்பு எழுதறது. மத்த மொழிகள்லயும் இது உண்டு, ஆனா ஆர்மீனியர்கள் எழுதற மாதிரி விலாவாரியா எழுதறவங்களை நான் பாத்ததில்ல. யார் எழுதினது, யார் படம் போட்டது, யார் பணம் குடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம், அப்ப ராஜா யாரு, கத்தோலிக்கோஸ் யாரு, எங்கப்பா அம்மா அண்ணன் தம்பிக்காக வேண்டிக்கோங்க, எனக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாருக்காக வேண்டிக்கோங்கன்னு பக்கம் பக்கமா போகும். நடுவுல ஊர்ல நடக்கற போர், பஞ்சம் எல்லாம் வந்துடும். மலாத்யா நற்செய்தியோட குறிப்புல, எகிப்து சுல்தான் அந்தியோக்கியா நகரத்தைப் பிடிச்சதையும் அங்க இருந்த கோயில்கள் எரிஞ்சதையும் ரோஸ்லின் வேதனையோட எழுதி வச்சிருக்கார். அந்த சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவைப் பிடிச்சது 1268 மே மாசம். அப்ப இந்தக் குறிப்பு அதுக்கு அப்புறம்தான் எழுதப்பட்டிருக்கணும், வருஷம் போட்ட எழுத்துகள் அழிஞ்சே போயிருந்தாலும் இந்த ஒரு வரிய வச்சே தேதிய நெருங்கியிருக்கலாம்.

வருஷம் போடற முறையைக் கொஞ்சம் கிட்ட போய்ப் பாக்கணும், தப்பு பெரும்பாலும் அங்கதான் நுழையும். ஆர்மீனிய எழுத்துகளே எண்களாகவும் நிக்கும், மொத்தம் 36 எழுத்து, முதல் ஒன்பது 1லேந்து 9 வரை, அடுத்த ஒன்பது பத்துகள், அப்புறம் நூறுகள், கடைசி ஒன்பது ஆயிரங்கள். அவங்க ஆண்டுக்கணக்கு 552ல தொடங்குது, அதனால அவங்க வருஷத்தோட 551 கூட்டினா நம்ம வருஷம் வரும். 1256ங்கிறது அவங்களுக்கு 705, அதாவது ரெண்டே எழுத்து, 700க்கு ஒண்ணு 5க்கு ஒண்ணு. இப்ப சிக்கல் என்னன்னா, போலோர்கிர்னு சொல்ற அந்தச் சின்ன எழுத்து வடிவத்துல 5க்கான எழுத்தும் 7க்கான எழுத்தும் பாக்க நெருக்கமா இருக்கும், கீழ வர்ற ஒரு கோட்டை வச்சுதான் பிரிச்சுப் பாக்கணும். அந்த இடத்துல மை உதிர்ந்திருந்தா 1256 சட்டுனு 1258 ஆயிடும். இன்னொரு விஷயம், அவங்க வருஷம் சரியா 365 நாள், லீப் வருஷம் கிடையாது, அதனால அவங்க புத்தாண்டு நாலு வருஷத்துக்கு ஒரு நாள் பின்னாடி நகர்ந்துகிட்டே போகும். ரோஸ்லின் காலத்துல அது ஜனவரி மாசத்துல வந்து விழுந்ததால பெரும்பாலும் 551 கூட்டினா சரியா வரும், ஆனா வேற நூற்றாண்டுப் பிரதிகளுக்கு மாசம் பாக்காம கூட்டினா ஒரு வருஷம் பிசகும். இதனாலதான் கேட்டலாக் போடறவங்க எண்ணை மட்டும் நம்பாம ராஜா பேரையும் கத்தோலிக்கோஸ் பேரையும் கூட வச்சு சரிபாப்போம். சிலிசிய ராஜா முதலாம் ஹெதும் ஆண்டது 1226லேந்து 1270 வரை, கான்ஸ்டன்டின் இறந்தது 1267ல. மலாத்யா நற்செய்திய ராஜாவோட பேரன் இளவரசர் ஹெதுமுக்குப் பரிசா குடுக்கணும்னு செய்யச் சொன்னது கான்ஸ்டன்டின், அது முடியறப்ப அவர் உயிரோட இல்ல. இது தெரியாம பாத்தா குறிப்புலயே முரண்பாடு இருக்கற மாதிரி தெரியும்.

இனி உங்க 9க்கு வருவோம். புதுசா ஒண்ணுமே கண்டுபிடிக்காம 7ஐ 9 ஆக்கலாம், வழி ரொம்ப சுலபம். மலாத்யா நற்செய்தி முன்னாடி ஜெருசலேம்ல 3627ங்கிற எண்ல இருந்துச்சு, 1975ல அது ஆர்மீனியாவுக்கு அன்பளிப்பா வந்து மாதெனதரான்ல 10675 ஆச்சு. பழைய புத்தகத்துல ஜெருசலேம் 3627, புது புத்தகத்துல மாதெனதரான் 10675, ரெண்டையும் பாத்து லிஸ்ட் போடறவர் ரெண்டு பிரதின்னு எண்ணிடுவார், அங்க 8 ஆச்சு. அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி மியூசியத்துல ரோஸ்லின் கைவண்ணத்துல 8 பக்கம் 59ங்கிற எண்ல இருக்கு, அதையும் தனி வேலையா சேர்த்தா 9. ஆனா அந்த 8 பக்கமும் ஸெய்தூன் நற்செய்தியோட முன்பக்கங்கள், அந்தப் புத்தகத்துலேந்து பிரிஞ்சு போனது. எதிர்த்திசைலயும் தப்பு வரும், 1262ல ரெண்டு பிரதி இருக்கறதைக் கவனிக்காம ஒண்ணா எண்ணி 6னு போட்டவங்களும் இருக்கலாம். உங்க 9 எந்த வழில வந்துச்சுன்னு அந்தப் புத்தகத்தோட லிஸ்ட்டைப் பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா நான் முதல்ல தேடறது இந்த ரெண்டு இடத்தைத்தான். அதனாலதான் சொல்றேன், எந்தப் பிரதியப் பத்தி எழுதினாலும் இப்போதைய எண், பழைய எண் ரெண்டையும் சேர்த்து எழுதுங்க. பேர் மாறும், ஊர் மாறும், எண்ணை வச்சுதான் அடுத்தவங்க பின்தொடர முடியும்.

கெட்டி பக்கங்கள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லணும், எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயம் இது. நற்செய்திப் புத்தகத்தோட முன்னாடி கானன் டேபிள்னு அட்டவணைகள் இருக்கும், 4ஆம் நூற்றாண்டுல செசரியா ஊர் யூசிபியஸ் போட்ட முறை அது, நாலு நற்செய்திலயும் ஒரே சம்பவம் எங்கெங்க வருதுன்னு பத்து பட்டியல்ல எண் போட்டுக் காட்டறது. ஆர்மீனிய ஓவியர்கள் அந்த எண்களைத் தூண்களுக்கு நடுவுல எழுதி, மேல வளைவு, அதுமேல பறவைகள், ஓரத்துல மரங்கள்னு ஒரு வாசலே கட்டிடுவாங்க. வழக்கமா எதிரெதிரா இருக்கற ரெண்டு பக்கத்துலதான் வரைவாங்க, அதோட பின்பக்கம் வெறுமையா விட்டுடுவாங்க, திருப்பினா ரெண்டு வெத்துப் பக்கம், அடுத்து திரும்ப ஒரு ஜோடி ஓவியம். இது அழகுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, கேட்டலாக் போடறவங்களுக்கு இது ஒரு சாட்சி. எதிரெதிர் பக்கங்கள் நூத்துக்கணக்கான வருஷம் ஒட்டியே மூடி இருந்ததால ஒண்ணோட வண்ணம் இன்னொண்ணுல லேசா பதிஞ்சிருக்கும், பிரிச்சு எடுத்த தாள்கள் எந்த வரிசைல இருந்துச்சுன்னு அந்தத் தடத்த வச்சே சொல்லலாம். கூடவே தாளோட மடிப்பு, தையல் ஓட்டை, நனைஞ்ச கறையோட வடிவம் எல்லாம் தாய்ப் புத்தகத்தோட பொருந்துதான்னு பாப்போம்.

ஸெய்தூன் மலை ஊர்ல மக்கள் பாதுகாத்து வச்சிருந்த அந்தப் புத்தகம் 1915 இனப்படுகொலை சமயத்துல கைமாறி கைமாறி எங்கெங்கயோ போச்சு, அந்த 8 பக்கம் பிரிஞ்சு அமெரிக்கா போய்ச் சேந்து 1994ல கெட்டி வாங்கினாங்க. 2010ல அமெரிக்காவுல இருக்கற ஆர்மீனியத் திருச்சபையோட மேற்குப் பகுதி நிர்வாகம் கேஸ் போட்டாங்க, 2015ல சமரசம் ஆச்சு, பக்கங்களுக்குச் சரித்திரப்படி உரிமை திருச்சபைக்குத்தான்னு மியூசியம் ஒத்துக்கிட்டு, திருச்சபை அதை மியூசியத்துக்கு அன்பளிப்பா குடுத்துச்சு. பக்கங்கள் கெட்டிலயே இருக்கு. கேட்டலாக்ல இதை ஒரே பிரதியா, ரெண்டு நாட்டுல இருக்கற ரெண்டு துண்டா, ஒண்ணுக்கொண்ணு குறிப்பு குடுத்து எழுதணும். தனித்தனியா எழுதினா கணக்கு தப்பாகும், அதைவிட முக்கியமா அந்தப் புத்தகத்துக்கு நடந்தது மறைஞ்சு போயிடும். எப்படிப் பிரிஞ்சுதுன்னு எழுதறதும் எங்க வேலைதான்னு நான் நம்புறேன், எல்லா இடத்துலயும் அதைச் செய்யறதில்ல.

பத்துக்கு மேலங்கிற கணக்கு எங்கேந்து வருதுன்னா, பேர் போடாத ஆனா அவரோடதா இருக்கலாம்னு சொல்ற பிரதிகள். இதுல எல்லாமே ஒரே அளவு நம்பகமானது கிடையாது. மாதெனதரான் 8321ல ராஜா ஹெதுமோட மகன் இளவரசர் லெவோன் இளைஞரா நிக்கற ஓவியம் ஒண்ணு இருக்கு, நிறைவுக் குறிப்பு இல்ல, ஆனா செய்யச் சொன்னது அதே கான்ஸ்டன்டின், லெவோன் பொறந்தது 1236ல, முகத்தைப் பாத்தா இருபதை ஒட்டி, ஆக 1250கள், இடம், காலம், ஆதரவாளர், ஓவிய பாணி எல்லாம் ரோஸ்லின் பக்கமே கை காட்டுது. இதை நான் ரொம்ப வலுவான கணிப்புன்னு சொல்வேன். வாஷிங்டன் ஃப்ரியர் கேலரில 32.18ங்கிற எண்ல ஒரு நற்செய்தி, அதை ஆர்மீனியக் கலை வரலாற்று அறிஞர் சிரார்பி தெர் நெர்செசியன் அம்மா 1963ல ஃப்ரியர் பிரதிகள் பத்தின தன் புத்தகத்துல ரோஸ்லினோட சேர்த்து வச்சாங்க. இந்தத் துறைல அவங்க சொல்லுக்குப் பெரிய எடை உண்டு, 1896ல பொறந்து 1989ல மறைஞ்சவங்க, சிலிசிய ஓவியங்கள் பத்தின அவங்களோட பெரிய ரெண்டு வால்யூம் அவங்க மறைவுக்கு அப்புறம் 1993ல வந்துச்சு. இருந்தாலும் அது ஒரு நிபுணரோட கண் சொன்ன தீர்ப்பு, ஓவியரே எழுதி வச்ச பேருக்கு சமம் ஆகாது, அவங்களே அதைப் பிரிச்சுத்தான் எழுதினாங்க.

ஆசை காட்டற ஒரு பிரதியும் இருக்கு. 1272ல சிஸ்ல லெவோனோட மனைவி ராணி கெரானுக்காக செஞ்ச நற்செய்தி, ஜெருசலேம் 2563, ராஜா ராணி பிள்ளைங்களோட கிறிஸ்து முன்னாடி மண்டியிட்டிருக்கற குடும்ப ஓவியம் அதுல ரொம்பப் பிரபலம். அதை எழுதினது அவெடிஸ்ங்கிற எழுத்தர், இவர் முன்னாடி ரோஸ்லினோட சேர்ந்து வேலை செஞ்சவர். அதே அரச குடும்பம், அதே எழுத்தர், நாலே வருஷ இடைவெளி, அப்ப ஓவியரும் அவர்தானேன்னு மனசு போகும். ஆனா குறிப்புல எழுத்தர் பேர் இருக்கு, ஓவியர் பேர் இல்ல. இந்தப் பிரதில உருவங்கள் நீண்டு, அசைவு அதிகமாகி, துணி மடிப்பு சுழண்டு போகுது, ரோஸ்லினோட நிதானம் குறைவு. ஒரு ஓவியர் நாலு வருஷத்துல மாற முடியாதான்னா முடியும், அவர்கிட்ட பழகின அடுத்த தலைமுறையா இருக்கவும் முடியும். என் சாய்வு ரெண்டாவது பக்கம்தான், அவர் கை இதுல சில படங்கள்ல இருக்குன்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. 1286ல இளவரசர் ஹெதுமுக்காக செஞ்ச வாசகப் புத்தகம், அதாவது வழிபாட்டுல வாசிக்கற வேதப் பகுதிகளோட தொகுப்பு, மாதெனதரான் 979, அதுல சீனத்து டிராகன் எல்லாம் வருது, ஓவியர் பேர் கிடையாது, ரோஸ்லினோட கடைசி தேதிலேந்து 18 வருஷம் தள்ளி, அதை இவர் கணக்குல சேர்க்கவே கூடாதுன்னு நெனைக்கிறேன்.

இதுல இன்னொரு நுணுக்கம் நிறைய பேர் விட்டுடறாங்க. பேர் போட்ட பிரதின்னா அதுல இருக்கற எல்லாப் படமும் அவர் கைன்னு அர்த்தம் இல்ல. வால்டர்ஸ் 539ஐ எடுத்துக்கோங்க, 15 முழுப்பக்க ஓவியம், அதுபோக எழுத்துக்கு நடுநடுவுல 60க்கு மேல சின்னக் காட்சிகள், தலைப்பு அலங்காரம், ஓர அலங்காரம், இவ்வளவையும் ஒருத்தரே செஞ்சிருப்பார்னு யாரும் சொல்றதில்ல, உதவியாளர்கள் இருந்திருக்காங்க. ரோஸ்லின் கைன்னு நான் பாக்கறது முகங்களைத்தான், கன்னத்துல பச்சை நிழலுக்கு மேல மெல்ல மெல்ல வெளிச்சம் ஏத்தற விதம், கண்ணுக்குக் கீழ வர்ற அந்த மென்மை. உதவியாளர் போட்ட முகத்துல அந்தப் படிப்படியான ஏற்றம் இருக்காது, கோடு தெரியும். அதேபோல விஷயத்தைத் தேர்ந்தெடுக்கறதுலயும் அவர் தெரிவார். 1260 பிரதில ஞானிகள் குழந்தை இயேசுவைப் பாக்க வர்ற காட்சில அவங்களுக்குப் பின்னாடி நிக்கற காவலர்களுக்கு மங்கோலியர் முகமும் உடையும் குடுத்திருக்கார், மங்கோலியரோட சிலிசியா கூட்டணில இருந்த காலம் அது, கண்ணால பாத்த ஆட்களைக் கொண்டுவந்து நற்செய்திக்குள்ள நிறுத்தியிருக்கார்.

வண்ணத்தை லேப்ல டெஸ்ட் பண்ணினா ஓவியர் யாருன்னு தெரிஞ்சிடாதான்னும் கேட்டிருந்தீங்க. உதவும், ஆனா ஒரு எல்லை வரைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற க்ளாட்ஸோர் நற்செய்தி, 14ஆம் நூற்றாண்டு ஆரம்பம், அதுல அஞ்சு ஓவியர்கள் வேலை செஞ்சிருக்காங்கன்னு பாணிய வச்சுப் பிரிச்சாங்க. 1981ல வெளியான நிறமி ஆய்வும், ஓவியர்கள் எல்லாரும் ஒரே வண்ணத் தட்டுலேந்து எடுக்கலன்னு காட்டிச்சு. அப்ப லேப், ஒரு பட்டறைய இன்னொரு பட்டறைலேந்து பிரிச்சுக் காட்டும். ஒரே பட்டறைல ஒரே கிண்ணத்துலேந்து வண்ணம் எடுத்த குருவையும் சீடனையும் அது பிரிக்காது, ரோஸ்லின் விஷயத்துல நமக்கு வேண்டியது அந்தப் பிரிவுதான்.

பேர் குழப்பம் ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். தோரோஸ்ங்கிறது தியோடர்ங்கிற பேரோட ஆர்மீனிய வடிவம், தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க. வால்டர்ஸ் 539ஐ செய்யச் சொன்னவரே தோரோஸ்ங்கிற பாதிரியார்தான், கத்தோலிக்கோஸோட உறவுப் பையன், ஆக ஒரே குறிப்புல ரெண்டு தோரோஸ். மேல சொன்ன க்ளாட்ஸோர் நற்செய்தில வேலை செஞ்ச தோரோஸ் தாரோனாட்ஸி வேற ஆள், ரெண்டு தலைமுறை பின்னாடி. குறிப்புல வெறும் தோரோஸ்னு பாத்ததும் ரோஸ்லின்னு எழுதிடாதீங்க. ரோஸ்லின்ங்கிற அந்தக் குடும்பப்பேர் எங்கேந்து வந்துச்சுங்கறது பத்தி நிறைய ஊகம் உண்டு, ஐரோப்பியக் கலப்புன்னு எல்லாம் சொல்வாங்க, எதுக்கும் ஆவணம் கிடையாது, கட்டுரைல அதுக்கு ஒரு வரிக்கு மேல இடம் குடுக்காதீங்க.

உங்க கட்டுரைக்கு நான் சொல்ற வழி இதான்: அவர் பேர் எழுதிய பிரதிகள் 7, 1256 முதல் 1268 வரைன்னு ஒரு வாக்கியம், அதுல ஸெய்தூன் பிரதியோட 8 பக்கம் கெட்டில இருக்குன்னு அதே இடத்துல சேர்த்துடுங்க. அப்புறம் தனிப் பத்தில, அவருக்கு உரியதா அறிஞர்கள் கருதற பிரதிகள்னு சொல்லி ஒவ்வொண்ணுக்கும் யார், எந்த வருஷம், எதை வச்சு சொன்னாங்கன்னு போடுங்க. ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா எழுதவே எழுதாதீங்க, அப்படிக் கூட்டின ஒரு எண்தான் அடுத்த இருவது கட்டுரைல நகல் ஆகும். சரிபாக்க வேண்டியது ஜெருசலேமுக்கு நோராயர் போகாரியன் 1966லேந்து 1991 வரைக்கும் கொண்டுவந்த 11 வால்யூம் கேட்டலாக், மாதெனதரானுக்கு 1965லயும் 1970லயும் வந்த சுருக்கமான ரெண்டு வால்யூம். மாதெனதரான் 10675 ரெண்டாவது வால்யூம் அச்சான அப்புறம்தான் அங்க வந்து சேந்துச்சு, அதனால அந்த ரெண்டு வால்யூம்ல அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. படங்கள் பாக்கணும்னா வால்டர்ஸ் 539ஐயும் கெட்டி பக்கங்களையும் அந்தந்த மியூசியமே நல்ல ரெசல்யூஷன்ல இலவசமா நெட்ல போட்டிருக்காங்க, ரெண்டையும் பக்கத்து பக்கத்துல திறந்து வச்சு முதல்ல முகங்களை மட்டும் பெருசாக்கிப் பாருங்க, அலங்காரத்துக்கு அப்புறம் போங்க.